பழைய எண்ணில் இருந்த குரல்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துக் கேட்டால் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாது.

என் கதைகளையெல்லாம் ஒரே இடத்தில் போட்டுவைக்க ஓர் இணையதளம் வேண்டுமென்று ரொம்ப நாளாக ஆசை. தெரிந்தவர் ஒருவர் ஒரு நிரலாளரைக் கைகாட்டினார். "சின்ன வேலைக்கு அவரை விட்டா ஆள் கிடையாது. கூட வேலை பார்த்தவங்க அவருக்குச் சிக்கனம்னே பேர் வச்சிருக்காங்க" என்றார். போய்ப் பார்த்தேன். மாடியில் ஒற்றை அறை, ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, ஒரே ஒரு நாற்காலி. என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். பேருக்கேற்ற மனிதர்தான்.

நான் கேட்டதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "பக்கம் மட்டும்னா செஞ்சு தரேன். நீங்க எழுதினதை நான் வச்சுக்கணும்னா வேண்டாம்" என்றார்.

"வச்சுக்கறதுன்னா?"

"சேமிச்சு வைக்கறது. மத்தவங்க பொருளை நான் இப்பல்லாம் வச்சுக்கறதில்ல."

எழுதுகிறவனிடம் இப்படி ஒரு வார்த்தையை விட்டுவிட்டு அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினால் நான் சும்மா போய்விடுவேனா? கிளறினேன். பிடி கொடுக்காமல் கொஞ்ச நேரம் மழுப்பினார். அப்புறம் கடகடவென்று சொன்னார், நடுவில் நிறுத்தவே இல்லை. கிளம்பும்போது, "இதை எழுதலாமா?" என்று கேட்டேன். "எழுதுங்க. எங்க அக்காவை மட்டும் அடையாளம் தெரியாம பார்த்துக்கோங்க" என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுவதற்கென்ன, காசா பணமா.

2

முதல் தொடக்கம்: "கணினி உலகில் எளிமை என்பது—"

வேண்டாம். பள்ளிக்கூடத்துக் கட்டுரைப் போட்டி மாதிரி இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: "ஏலக்காரர் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அந்தக் குரல் இப்போது—"

இதுவும் வேண்டாம். ஏலக்காரரை இவ்வளவு சீக்கிரம் உள்ளே விட்டால் கதையை அவரே எடுத்துக்கொண்டு போய்விடுவார். இது தம்பியின் கதை. (நேரில் அந்த நிரலாளரை 'நீங்க' போட்டுத்தான் பேசினேன். கதைக்குள் வந்ததும் அவர் 'அவன்' ஆகிவிட்டார், தம்பியும் ஆகிவிட்டார். கதாபாத்திரத்துக்கு மரியாதை கொடுத்தால் அதன் மனசுக்குள் போக முடிவதில்லை, எனக்கு அப்படி ஒரு கெட்ட பழக்கம்.)

மூன்றாவது தொடக்கம், இதை வைத்துக்கொள்கிறேன்:

தம்பிக்குப் பெரிய கம்பெனியில் பெரிய வேலை இருந்தது. அங்கே யாராவது திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தச் சேதி திரைக்குப் பின்னால் ஏழெட்டுச் சர்வர்களைச் சுற்றிவிட்டுத்தான் போய்ச் சேரும். ஒன்று உள்ளே வருகிறவர் யாரென்று விசாரிக்கும், ஒன்று எழுதிவைக்கும், ஒன்று படங்களைப் பார்த்துக்கொள்ளும், மற்றவை எதற்கென்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. ஒரு சின்னப் பெட்டியின் நிறத்தை மாற்றுவதற்குக்கூட நாலு கூட்டம் போட்டார்கள். தம்பிக்கு மண்டை காய்ந்துவிட்டது. வேலையை விட்டான்.

விட்டவன் கண்ணில் பட்டது ஒரு குட்டி பேக்கெண்ட். பேக்கெண்ட் என்றால் பயந்துவிடாதீர்கள், திரைக்குப் பின்னால் நடக்கிற வேலைதான். உள்ளே விடுவது, எழுதிவைப்பது, ஒலியையும் படத்தையும் பத்திரப்படுத்துவது என்று எல்லாவற்றையும் ஒரே நிரலில் அடக்கியிருந்தார்கள். இறக்கி ஓடவிட்டால் போதும், ஒரு சாயங்காலத்தில் ஆப் எழுந்து நின்றுவிடும். அதைப் பார்த்த அன்றைக்கு அவனுக்கு ஒரு சந்தோஷம் வந்ததாம். "வாடகை வீட்டுல எல்லா அறையிலயும் வேற யாரோ இருந்து, திடீர்னு வீடு காலியான மாதிரி" என்று சொன்னார். இது அவரே சொன்னது. என் கற்பனைக்கு இவ்வளவு வராது.

3

அக்கா ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள்.

[வாக்குக் கொடுத்தபடி அக்காவை மாற்றத்தான் பார்த்தேன். முதலில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவளாக்கினேன். கண்ணாடிக் கடையில் குரலுக்கு என்ன வேலை? கதை படுத்துவிட்டது. அத்தை மகளாக்கினேன். அத்தை மகள் என்றால் தம்பி அவளிடம் பின்னால் வரப்போகிற அந்த ஒரு வார்த்தையை அவ்வளவு அலட்சியமாகச் சொல்லியிருக்க மாட்டான், கொஞ்சம் யோசித்திருப்பான். கூடப் பிறந்தவளிடம்தான் யோசிக்காமல் பேசுவோம். ஆக, அக்காவே இருக்கட்டும்.]

தொண்டையில் புற்று வந்து குரல்வளையையே எடுக்கவேண்டி வருகிறவர்கள் அவளிடம் வருவார்கள். அறுவைக்கு அப்புறம் பேச முடியாது. அதற்கு முன்னால் அவர்கள் பேச்சைக் கொஞ்சம் பதிந்து வைத்துக்கொண்டால், பின்னால் போனில் ஒரு கட்டத்தைத் தொட்டதும் அவர்களுடைய குரலே பேசுமே என்று அவளுக்கு ஒரு யோசனை. ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தாள். பெரிய திட்டம், பெரிய செலவு, பிறகு பார்க்கலாம் என்று கையை விரித்தார்கள். தம்பியிடம் சொன்னாள்.

"இதுக்கு எதுக்குக்கா ஆஸ்பத்திரி? வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சுத் தரேன்."

சொன்னபடியே முடித்தான். அக்காவின் அறையில் ஒரு மைக்கை வைத்தார்கள். ஒருவர் வந்து உட்கார்ந்து பேசுவார். அது அவள் மடிக்கணினி வழியாக நேராகத் தம்பியின் சர்வருக்குப் போய் உட்கார்ந்துவிடும். வேறெங்கும் தங்காது. ஆட்கள் ஓர் அட்டவணையில், அவர்கள் பேசியது இன்னோர் அட்டவணையில். இந்தப் பேச்சு இந்த ஆளுடையது என்று இரண்டுக்கும் ஒரு முடிச்சு. அவ்வளவுதான் மொத்த ஏற்பாடும்.

ஏலக்காரரை இப்போது உள்ளே விடலாம்.

பழைய மரச்சாமான், திவாலான கடைகளின் மிச்சம் என்று எதையும் ஏலம் விடுகிறவர். அக்கா அவரிடம் வழக்கமான வாக்கியங்களை நீட்டினாள்: தண்ணி வேணும், வலிக்குது, டாக்டரைக் கூப்பிடுங்க.

"டாக்டரம்மா, இதையெல்லாம் நான் கையைக் காட்டியே சொல்லிடுவேன்."

"நான் டாக்டர் இல்லைங்க. பேச்சுப் பயிற்சி—"

"சரி டாக்டரம்மா. கையால சொல்ல முடியாததை மட்டும் பிடிச்சு வைங்க."

பிடித்து வைத்தார்கள். "உன் கணக்கு தப்பு, என் கணக்கு சரி." "யாரு, நானா குறட்டை விட்டேன்?" "போதும், விடு, அவங்களும் மனுஷங்கதானே." மனைவியை அவர் மட்டும் கூப்பிடுகிற ஒரு பேர், அதையே கோபமாக ஒரு தடவை, கெஞ்சலாக ஒரு தடவை, பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி ஒரு தடவை. அந்த அம்மா மைக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, "என்னைத் திட்டறதை மட்டும் எத்தனை விதமாப் பதியறாரு பாருங்க" என்றாள். அவர் ஏலமும் கூவிக் காட்டினார்: ஒரு தரம், ரெண்டு தரம். அதோடு நிறுத்திக்கொண்டார். மூணாவது தரம் சொன்னால் பொருள் கைமாறிவிடுமாம், சும்மா சொல்லக்கூடாதாம்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தேர்ந்த கதாசிரியர் இந்த மூன்றாம் தரத்தைப் பத்திரமாக மடித்து வைத்துக் கடைசி வரியில் எடுத்து உங்களைக் கலங்கடிப்பார். நான் அதைத் தொடப்போவதில்லை. நிம்மதியாகப் படியுங்கள்.)

4

அந்த முடிச்சைப் போடும்போது குட்டி பேக்கெண்ட் தம்பியிடம் ஒரு கேள்வி கேட்டது. ஒரு சின்னக் கட்டம், அதில் டிக் போடலாம், போடாமலும் விடலாம். ஆள் நீங்கினால் அவருடைய பேச்சும் சேர்ந்து நீங்கட்டுமா?

போட்டான். சொந்தக்காரர் இல்லாமல் பேச்சு மட்டும் அநாதையாகக் கிடப்பது அவனுக்குப் பிடிக்காது. குப்பை சேரக்கூடாது, எல்லாம் சுத்தமாக இருக்கவேண்டும். அந்த டிக்கைப் போட்டதில் அவனுக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

ஏலக்காரருக்கு அறுவை முடிந்தது. மகன் புதுப் போன் வாங்கிக் கொடுத்தான், புது எண். அந்த அம்மா அதில் அவரைப் புதிதாகப் பதிவு செய்துவிட்டாள். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு பேச்சையும் காணோம். தம்பி சரிசெய்து கொடுத்தான். புதுக் கணக்கில் வந்தாலும் பழைய கணக்கின் பேச்சுகள் கேட்கும்படி ஒரு வழி வைத்தான். பேச்சுகளைப் புதுக் கணக்குக்கு மாற்றவில்லை. அது இன்னும் கொஞ்சம் வேலை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான், விட்டதை மறந்தும் போனான்.

சில மாதம் கழித்து அக்கா போன் செய்தாள்.

[இங்கே அவனை ஒரு மேடையில் நிற்கவைத்து எழுதினேன். குட்டி பேக்கெண்டைப் பற்றி அவன் நூறு பேருக்கு முன்னால் புகழ்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது அந்த அழைப்பு வருகிறது என்று. எழுதிவிட்டு எனக்கே என்னைப் பிடித்திருந்தது. ஆனால் நிஜத்தில் அவன் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தானாம். மேடையை அடித்துவிட்டேன்.]

"டேய், நம்ம ஏலக்காரருக்கு ரெண்டு கணக்கு இருக்குடா. பழைய நம்பர்ல ஒண்ணு, புது நம்பர்ல ஒண்ணு. பழசை யாரும் தொடறதே இல்லை. எடுத்துடட்டுமா? எதுக்கும் உன்னைக் கேட்டுக்கலாம்னுதான்."

"எடுத்துடலாம்னு நினைக்கிறேன்கா. எதுக்கும் பார்த்துட்டு சொல்றேனே."

(அவர் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிட்டார். என்ன பதில் சொன்னாரென்று எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. நான் நிரப்பியது.)

அக்கா அழுத்தினாள். ஆள் போனார். கூடவே பேச்சும் போனது, சுத்தமாக.

5

மறுநாள் காலை அந்த அம்மா போன் செய்தாள். "கட்டத்தைத் தொட்டா ஒண்ணும் வரமாட்டேங்குது. நெட்டு கோளாறா?"

தம்பி பதற்றப்படவில்லை. தினமும் தானாக ஒரு நகல் எடுத்து வைக்கிற மாதிரிதான் செய்திருந்தான். நகலைத் திறந்தான். ஆட்கள் இருந்தார்கள், அட்டவணை இருந்தது, ஏலக்காரர் பேசிய ஒவ்வொன்றின் தலைப்பும் வரிசையாக இருந்தது. ஒலி இல்லை. ஒலியெல்லாம் பக்கத்தில் வேறொரு கோப்புறையில் போய் உட்காருமாம். அவன் எடுத்துவைத்த நகல் அட்டவணையை மட்டும். எல்லாம் ஒன்றிலேயே அடக்கம் என்று அந்தக் குட்டி பேக்கெண்டை ஊருக்கெல்லாம் சொன்னவன், அந்தப் பேச்சைத் தானும் நம்பிவிட்டான். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சர்வரைத் துழாவினான், தெரிந்தவர்களைக் கேட்டான், தெரியாதவர்களையும் கேட்டான். திரும்பி வரவில்லை.

இதில் பேக்கெண்டைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அது கேட்டது, இவன் பதில் சொன்னான். பெரிய கம்பெனியின் அந்த நாலு கூட்டத்தில் எரிச்சல் பிடித்த ஆள் ஒருவர் உட்கார்ந்து, "இந்த டிக் எதுக்குப்பா?" என்று கேட்டிருப்பார். அந்த ஆளுக்குப் பயந்துதானே தம்பி வெளியே வந்தான்.

6

அக்காவும் தம்பியுமாக ஏலக்காரர் வீட்டுக்குப் போனார்கள். விலை போகாத சாமானெல்லாம் கூடத்திலேயே கிடந்தது. மூன்று கடிகாரங்கள் மூன்று நேரம் காட்டின. கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

வழியெல்லாம் தம்பி அந்த வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்தான். நான்தான். என் தப்புதான். மூன்றே வார்த்தை. உட்கார்ந்ததும் சொல்லிவிட நினைத்தான். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"என் கையாலதாங்க போச்சு. ரெண்டு கணக்கு இருக்கேன்னு ஒண்ணை எடுத்தேன். எனக்கு இந்த மிஷினெல்லாம் தெரியாது. தெரியாத வேலையில கையை வச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோங்க."

தம்பி அவளைப் பார்த்தான். அவள் அவனைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறாளோ என்று ஒரு கணம் நினைத்தான். அப்படியில்லை. அவளுக்கு டிக் தெரியாது, முடிச்சு தெரியாது. தான் தப்பாக எதையோ அழுத்திவிட்டதாகவே நம்பிக்கொண்டிருந்தாள். அவனைக் கேட்டதையும் அவனுக்கு ஒரு குற்றமாக அவள் நினைக்கவில்லை. தம்பி சரியாகத்தான் சொல்லியிருப்பான், நாம்தான் சரியாகச் செய்யவில்லை.

ஏலக்காரர் போனை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதினதைப் படித்துக் காட்ட அதில் ஒரு பெண் குரல் உண்டு. ரயில் வருகிறது, தள்ளி நில்லுங்கள் என்கிற மாதிரிக் குரல். அவர் எழுதி முடித்து அழுத்தினார். அச்சில் ஏற்ற முடியாத ஒரு வசவு, பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் போகிற வசவு, அதை அந்தப் பெண் பணிவாக, நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் சுத்தமாக உச்சரித்துச் சொன்னாள்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். ஏலக்காரரும் சிரித்தார். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. அப்புறம் தோள் குலுங்குவது நின்றது. போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அவர் திட்டினா நாங்க பயப்படணும்" என்றாள் அந்த அம்மா. "சிரிக்கற மாதிரி ஆயிடுச்சு பாருங்க."

சொல்வதானால் அதுதான் இடம். தம்பி வாயைத் திறந்தான். "வேற எங்கயாவது நகல் இருக்கான்னு பார்க்கறேங்க" என்றான். இல்லையென்று அவனுக்குத் தெரியும். அந்த அம்மாவின் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்ததையும் பார்த்தான். அதை என்னிடம் சொன்ன கையோடு, "அவங்க ரெண்டு வாரம் தினம் போன் பண்ணினாங்க" என்றார்.

அக்கா மைக்கை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள். இப்போது அவளிடம் வருகிறவர்களுக்குப் பட அட்டைகளைக் கொடுக்கிறாள். தண்ணீர் படம், வலிக்கிற முகத்தின் படம். "எனக்கும் மிஷினுக்கும் ஆகாதுடா. ஒருத்தர் குரலைத் தொலைச்சது போதும்" என்றாளாம். தம்பி சரியென்று தலையாட்டியிருக்கிறான். மாதத்துக்கு இரண்டு பேரோ மூன்று பேரோ எதையும் பதியாமல் அறுவைக்குப் போகிறார்கள்.

7

முடிவுகள். எழுதிப் பார்த்தவை:

அ. தம்பி அக்காவிடம் சொல்லிவிடுகிறான். அவள் அழுகிறாள், பிறகு மன்னிக்கிறாள். [எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. தவிர, நடக்காதது.]

ஆ. ஏலக்காரரின் பழைய நண்பர் யாரோ ஓர் ஏலத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறார், குரல் கிடைத்துவிடுகிறது. [கிடைத்தாலும் அதில் நாற்காலி விலைதான் இருக்கும். அந்த அம்மாவைக் கூப்பிடுகிற பேர் இருக்காது.]

இ. அக்காவுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும், தம்பிக்காகத்தான் தன்மேல் போட்டுக்கொண்டாள் என்று— [இது அவனுக்கு ரொம்ப வசதியான முடிவு. இதை அவனுக்குத் தரமாட்டேன்.]

எதுவும் தேறாமல், கணினி சமாச்சாரம் சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று வரைவை அவருக்கே அனுப்பிவைத்தேன். பதில் வர நாளாயிற்று. கணினி சமாச்சாரத்தில் ஒன்றையும் தொடவில்லை. நான் நிரப்பிய அந்த ஓர் இடத்தை, "எடுத்துடலாம்னு நினைக்கிறேன்கா" என்பதை, அடித்துவிட்டு மேலே எழுதியிருந்தார்:

"எடுத்துடுக்கா. ஒண்ணும் ஆகாது. இதுக்கெல்லாமா போன் பண்ணுவ?"

போன் செய்தேன்.

"நான் பூசி மெழுகினது உங்களுக்கு நல்லதுதானே. அப்படியே விட்டிருக்கலாமே?"

"அது நான் சொன்னது இல்லை."

"இதை உங்க அக்கா படிச்சா?"

"படிப்பா. நீங்க எழுதறது எல்லாத்தையும் படிக்கறவதான்."

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. "அப்ப அடையாளம் தெரியாம எழுதச் சொன்னீங்களே?"

"நேர்ல வாய் வரலை சார்" என்றார்.

பாருங்கள் வேலையை. தனக்குச் சொல்லத் தைரியமில்லாததை இன்னொருவன் தலையில் ஏற்றி, திரைக்குப் பின்னால் அனுப்பிவிடலாம் என்று பார்த்திருக்கிறார். என்னையே ஒரு பேக்கெண்டாக்கிவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பத்திரிகைக்குக் கொடுக்க இன்னும் நாள் இருக்கு. அதுக்குள்ள நீங்களே போய்ச் சொல்லிடுங்க. என் கதை வழியா அவங்களுக்குத் தெரியவரக் கூடாது" என்றேன். "ம்" என்றார். அவருடைய "ம்"மை நம்பி நான் முடிவு எழுத முடியாது.

8

சொன்னாரா, இல்லையா, எனக்குத் தெரியாது. திரும்பக் கேட்கவும் இல்லை. மேலே நாலாம் பகுதியில் அந்தத் தப்பான பதிலை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன், நான் செய்த சப்பைக்கட்டும் தெரியட்டும் என்று. மற்ற வாசகர்கள் கொஞ்சம் விலகி நில்லுங்கள். மிச்சம் ஒருவருக்கு மட்டும்.

அக்கா, அவர் வந்து சொல்லியிருந்தால், இதைச் சொல்ல இந்த மனுஷன் இத்தனை பக்கம் இழுக்கவேண்டுமா என்று சலித்துக்கொண்டு படித்திருப்பீர்கள். சந்தோஷம். சொல்லவில்லையென்றால், உங்களுக்கு இது இப்படித் தெரியவந்ததற்கு நான் வருத்தப்படுகிறேன். அவரும் வருத்தப்படுகிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவரை மன்னிப்பதா, கன்னத்தில் ஒன்று விடுவதா என்பதில் நான் வாயைத் திறக்கமாட்டேன். அது உங்கள் இரண்டு பேர் சமாச்சாரம்.

நீங்கள் கேட்டுவிட்டுத்தான் அழுத்தினீர்கள். உங்கள் கை எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்த மைக் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அடுத்த அறுவைக்குப் பேர் கொடுத்திருப்பவர் உங்கள் அறைக்கு வெளியே உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரோடு இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்.